மூடிக்கொண்ட நாவு

'ஆமா' என்கிற ஒற்றைச் சொல்லின் விலை பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். வரி தனி. 'இல்லை' என்கிற சொல் அதோடு சேர்ந்தே வரும். ஒன்றை மட்டும் பிரித்துக் கொடுங்கள், பாதி விலை தருகிறோம் என்று பேரம் பேச முடியாது. விருதுநகர் பஜாரில் பேசிப் பார்த்தவர்கள் உண்டு.

அந்தச் சொல்லைத் தருவது ஒரு தொப்பி. வாதத்தில் விழுந்து, கை கால் நாக்கு எதுவும் அசையாமல், இமையைக்கூடத் தன் இஷ்டத்துக்குத் திறந்து மூட முடியாமல் கிடக்கிறவர் தலையில் அதை மாட்டினால், அவர் விரலை மடக்க நினைக்கும் நினைப்பைப் பிடித்துக்கொள்ளும். மடங்க வேண்டாம், நினைத்தால் போதும். ஒரு விரல் என்றால் 'ஆமா'. கை முழுவதும் மூடினால் 'இல்லை'. இடையில் இரண்டு, மூன்று, நான்கு என்றால் அது எண்ணிக்கை. பிடித்த விரலை மேசைமேல் இருக்கும் கணினிக்குத் தொப்பி அனுப்பும். கணினியில் ஓடுகிற 'நாவு' என்ற நிரல், கேட்ட கேள்வியையும் வந்த விரலையும் சோடி சேர்த்துத் திரையில் பச்சை எழுத்தில் பதிலைக் காட்டும்.

தொப்பிக்குத்தான் விலை. நாவு இலவசம். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடுவது. எழுதியவர்கள் உலகத்தின் பல மூலைகளில் இருக்கிறார்கள். ஒருவரும் கூலி வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம். தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நிலோஃபருக்குச் சம்பளமே அந்தப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்குத்தான்.

மதுரையில் மறுகுரல் அறக்கட்டளை என்று ஒன்று. அதன் கணினிகளில் நிரல் நின்றுபோனால் போய்ப் பார்க்கிற ஆள் அவள். அறக்கட்டளையிடம் இருந்த தொப்பிகள் பதினொன்று; கேட்டு வரிசையில் நின்றவர்கள் முந்நூறுக்கு மேல். அதனால் விதி கறாரானது. தொப்பி மாட்டிய இரண்டு மாதத்துக்குள், உள்ளே ஆள் இருக்கிறார் என்பதற்குச் சான்று கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தொப்பி அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

விருதுநகர் வத்தல் மண்டி தனுஷ்கோடியின் வீட்டில் நாவு ஒரு கேள்விக்கும் பதில் காட்டவில்லை. கேள்வி கேட்ட மறுகணம் தன்னைத் தானே மூடிக்கொண்டது. திறந்தால் திறக்கும், கேட்டால் மூடும். மூன்று பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இன்றோடு கெடு முடிகிறது. மூன்று மணிக்கு அறக்கட்டளையின் டாக்டர் கோமதிநாயகம் வந்து முடிவு சொல்வார். நிலோஃபர் காலையிலேயே வந்து இறங்கினாள், ஒரு கையில் மடிக்கணினியும் மறு கையில் தொப்பியை எடுத்துப்போகிற காலிப் பெட்டியுமாக.

"பெட்டியையும் கொண்டாந்துட்டீங்களா மேடம்," என்றான் மகன் ஜெயச்சந்திரன். "உடம்புக்கு முடியலைன்னு பாக்க வர்றவங்க பாடையைக் கையோட தூக்கிட்டு வந்த மாதிரி."

"வெறும் பெட்டியாத் திரும்பிப் போனா எனக்கும் சந்தோஷம்தான் சார். ஆனா அடுத்த ஆளு காத்துக்கிட்டிருக்காரு. சாத்தூர்ல பவுன்ராஜ்னு ஒரு லாரி டிரைவர், சின்ன வயசு. அவர் தம்பி தினமும் எனக்குப் போன் போடுறான். 'அக்கா, விருதுநகர் பெருசு ஏதாச்சும் சொல்லுச்சா'ன்னு."

கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றுதான் இதைச் சொன்னாள். கட்டிலில் கிடந்தவர் காதில் விழுந்ததா இல்லையா என்பதுதான் வழக்கே. நல்ல ஆகிருதி; முகத்தில் அன்றைக்கு மழித்த மினுக்கம்; மூக்கில் உணவுக் குழாய். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு ஒன்று கிடந்தது. துண்டில்லாமல் தனுஷ்கோடி அண்ணாச்சியை விருதுநகர் பார்த்ததில்லை. மண்டியில் துண்டுக்கடியில் கை கோத்து, விரலை அழுத்தி விலை பேசிய காலத்து மனிதர். ஊரே சுற்றி நிற்கும். விலை இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும்.

"இதுவரைக்கும் என்னென்ன செஞ்சாங்க?"

"முதல் ஆளு, திரைக்கான டிரைவர் சாஃப்ட்வேர் சரியில்லைன்னு மாத்துனாரு. ரெண்டாவது ஆளு லினக்ஸையே வழிச்சு எறிஞ்சுட்டு வேற வகை போட்டாரு. மூணாவது ஆளு, ரெண்டாவது ஆளு போட்டது தப்புன்னு சொல்லிப் பழையதையே திரும்பப் போட்டாரு. இனி மாத்தறதுக்குப் பாக்கி எங்க வீட்டு நிலைக்கதவுதான்."

நிலோஃபர் சிரித்தபடியே கணினிமுன் உட்கார்ந்தாள். திரையில் இருந்த நாவு படத்தைத் தொடவில்லை. கறுப்பாக ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து, அதில் நிரலின் பெயரைத் தட்டினாள்.

"படத்தைக் கிளிக் பண்ணித் திறந்தா அது செத்தாலும் சத்தமில்லாம சாகும் சார். இந்தக் கறுப்பு ஜன்னல் வழியாத் திறந்தா, என்ன சொல்லிட்டுச் சாகுதுன்னு தெரியும். மரண வாக்குமூலம் மாதிரி. இப்பக் கேளுங்க."

ஜெயச்சந்திரன் கட்டில் பக்கம் குனிந்தான். "அப்பா, நான் பேசறது கேக்குதா?"

நாவு மூடிக்கொண்டது. கறுப்பு ஜன்னலில் ஒரு வரி விழுந்து கிடந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: *பதில் கேள்விக்கு முன்னால் வந்திருக்கிறது. இது நடக்க முடியாது. நிறுத்துகிறேன்.* எவ்வளவு முன்னால் என்பதையும் அது எழுதியிருந்தது. ஒன்றேகால் மணி நேரம்.

"நீங்க இப்பக் கேட்ட கேள்விக்கு உங்கப்பா ஒண்ணேகால் மணி நேரத்துக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டாராம்," என்றாள் நிலோஃபர்.

ஜெயச்சந்திரன் அதைச் சற்று யோசித்தான். "சொல்லக்கூடிய ஆளுதான்."

அவள் திரையின் மூலையைப் பார்த்தாள். மணி பத்து ஐம்பது என்றது. கைப்பேசியைப் பார்த்தாள். ஒன்பது முப்பத்தைந்து.

"சார், இந்தக் கடிகாரத்தை யாரு தொட்டது?"

அவன் மேற்கூரையைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான். "அதுங்க மேடம்... மெஷின் வெக்க வந்தவரு வெள்ளிக்கிழமை வந்தாரு. சரியா பத்தே முக்கால். ராகு காலம் பன்னெண்டு வரைக்கும். செத்த பொறுங்கன்னு சொன்னோம். அவருக்குப் பதினொண்ணேகாலுக்கு பஸ்ஸாம். நேரம் நமக்காகப் பொறுக்காது, ஆளும் பொறுக்கலை. சரின்னு மெஷின் நேரத்தைப் பன்னெண்டு தாண்டித் தள்ளி வெச்சு, அப்புறமா ஆரம்பிக்கச் சொன்னோம்."

"அதுக்கப்புறம் வந்தவங்க யாரும் சரி பண்ணலையா?"

"ரெண்டாவது ஆளு பண்ணுனாரு. அப்பவும் அம்மா கேட்டதும் மூடிக்கிருச்சு. அவரு போனதும் நாங்க மறுபடி மாத்திட்டோம். நல்ல நேரத்துல ஆரம்பிச்ச காரியத்தைக் கொண்டுபோய் ராகு காலத்துல வெப்பாங்களா?"

நிலோஃபருக்குச் சிரிப்பு வந்தது. தொப்பிக்குள் தனியாக ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. அது சரியான நேரத்தில் ஓடியது. கேள்விக்குக் கணினி நேரம், பதிலுக்குத் தொப்பி நேரம். நோயாளியின் ரகசியம் வெளியே போகக் கூடாது என்று அறக்கட்டளை கணினிக்கு இணைய இணைப்பே கொடுப்பதில்லை. அதனால் 'தம்பி, உன் நேரம் தப்பு' என்று சொல்ல அதற்கு நாதியில்லை. இரண்டு மாதமாக இந்த மனிதர் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு பதிலையும் நிரல் 'இது நடக்க முடியாது' என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறது.

நேரத்தைத் திருத்தினாள். நாவைத் திறந்தாள். "மறுபடி கேளுங்க. அதே கேள்வி."

"அப்பா, நான் பேசறது கேக்குதா?"

மின்விசிறிச் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார். திரையில் பச்சையாக எழுந்தது: *ஆமா.*

ஜெயச்சந்திரன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். வருஷம் ஒன்றுக்கு மேலாக, சாமான் சட்டியைத் தாண்டிப் போகிற மாதிரி அந்தக் கட்டிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவன். அங்கே நின்றுதான் தரகரிடம் போனில் பேசினான், தங்கை மாப்பிள்ளையைத் திட்டினான், மருந்துச் செலவைப் பற்றி அலுத்துக்கொண்டான்.

"அப்பா... நீங்க எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

*ஆமா.*

"குடோனை வித்தது தெரியுமா?"

*ஆமா.*

"கோவமா இருக்கீங்களா?"

*ஆமா.* இந்தப் பச்சை மட்டும் கொஞ்சம் வேகமாக வந்த மாதிரி இருந்தது.

ஜெயச்சந்திரன் அழுதுகொண்டே சிரித்தான். "பாத்தீங்களா மேடம். ஆளு அப்படியே இருக்காரு."

நிலோஃபர் இந்தத் தொழிலுக்கு வந்து எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கணினிகளைத் திறந்து மூடியிருக்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த முதல் பச்சை எழுத்து அவளை எழுந்து நிற்க வைத்துவிடும். கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கீழேயிருந்து சத்தத்துக்குப் பதிலாக ஒருவர் 'என்ன வேணும்' என்று கேட்கிறார். அப்படி.

சத்தம் கேட்டு சீனியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். தனுஷ்கோடியின் மனைவி. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வாசற்படியைத் தாண்டி, கட்டில் பக்கம் வந்து, வாயைத் திறந்தாள்.

"ஏங்க..."

நாவு மூடிக்கொண்டது.

கறுப்பு ஜன்னலில் அதே வரி. *பதில் கேள்விக்கு முன்னால் வந்திருக்கிறது.* ஆனால் இந்த முறை ஒன்றேகால் மணி நேரம் இல்லை. இரண்டு விநாடி.

நிலோஃபர் இரண்டு கடிகாரங்களையும் ஒத்துப் பார்த்தாள். மயிரிழை வித்தியாசமில்லை. மறுபடி திறந்தாள். ஜெயச்சந்திரன் கேட்டால் பதில் வந்தது. நிலோஃபர் கேட்டாலும் வந்தது. சீனியம்மாள் உள்ளே வந்தால் நாவு செத்தது. மைக்கை மாற்றினாள். வளையல் சத்தத்தைக் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறதோ என்று வளையலைக் கழற்றச் சொன்னாள். அப்படியும் செத்தது.

நிரல் இப்படிச் சாகும்போது அந்தக் கணத்தில் அதன் நினைவில் இருந்ததெல்லாம் ஒரு கோப்பாக விழும். அந்தத் தொழிலில் அதை டம்ப் என்பார்கள். நிலோஃபர் கடைசி டம்ப்பைத் திறந்தாள். ஒரு விரல். தெளிவான, அழுத்தமான ஒரு விரல்.

"அம்மா, இப்ப என்ன கேக்க வந்தீங்க?"

"தலைமாட்டைக் கொஞ்சம் ஒசத்தட்டுமான்னு கேக்க வந்தேன் தாயி. வாயைத் திறக்கறதுக்குள்ள உங்க மெஷினு படுத்துக்கிருச்சு."

"ஆமான்னு சொல்லிட்டாரு. நீங்க கேக்கறதுக்கு ரெண்டு விநாடி முன்னாடி."

சீனியம்மாள் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தாள். "அவரு எப்பவுமே அப்படித்தானே. நான் படியேறையிலேயே 'காப்பி வேணாம்'பாரு. நான் முகத்தைத் தூக்கி வெச்சிருந்தா 'சரி, உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வா'ம்பாரு. மண்டியிலயும் இதே பேச்சுதான். துண்டுக்குள்ள அடுத்தவன் விரலை அமுத்தறதுக்கு முன்னாடியே அண்ணாச்சி பதில் விலையை அமுத்திருவாருன்னு. அவரு வாயை அடைச்சா மட்டும் குணம் போயிருமா?"

நிலோஃபர் டம்ப்பை மறுபடி பார்த்தாள். மனிதர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறாள். அவளும் அம்மாவும் அப்படித்தான் சண்டை போடுவார்கள். ஆனால் அதை யாரும் அளந்ததில்லை. இங்கே அளவு இருந்தது. கண் மூடிக் கிடக்கிற ஒருவர், படியில் ஏறும் காலடியிலிருந்து கேள்வியைப் படித்து, அது வாயை விட்டுப் புறப்படுமுன் பதிலை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

சிக்கல் அதோடு முடியவில்லை. மகன் கேட்டு வருகிற பதில் சான்று ஆகாது. வீட்டில் ஆளாளுக்குக் கேள்வி கேட்டு, வேண்டிய பதிலை வாங்கிக்கொண்ட கதைகள் நடந்த பிறகு அறக்கட்டளை போட்ட விதி அது. தொப்பிக்கான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் கேட்க வேண்டும். இந்த வீட்டில் கையெழுத்துப் போட்டவர் சீனியம்மாள்.

நிலோஃபர் நாவின் உள்ளே போனாள். அந்த வரியைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமாக இல்லை. பதிலின் நேரம் கேள்வியின் நேரத்துக்கு முந்தியதாக இருந்தால் நிறுத்து. பக்கத்தில் எழுதியவர் குறிப்பு வைத்திருந்தார்: 'இது நடக்காது. நடந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பொருள்.' அந்த ஒரு வரியை அழித்தால் போதும். அவள் விரல் விசைமேல் இருந்தது. அழிக்கவில்லை.

மூன்று மணிக்கு வந்த டாக்டர் கோமதிநாயகம் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். உயரமான, களைத்த மனிதர். திருநெல்வேலிக்காரர்.

"அந்த வரிய அழிச்சுப்புட்டா என்ன ஆகும் தெரியுமாம்மா?" என்றார். "கேள்விக்கு முன்னாடி வர்றது பதிலே இல்ல. இரைச்சல். மூளை சும்மா இருக்கும்போதும் ஏதாவது விரலை மடக்கிக்கிட்டுத்தான் இருக்கும். முன்னாடி வந்ததையும் எடுத்துக்கலாம்னு நீ கதவைத் திறந்துட்டா, நாளைக்கு உள்ள ஆளே இல்லாத தலையெல்லாம் பேச ஆரம்பிச்சிரும். எத்தனை வீட்டுல பாத்திருக்கேன். 'பாருங்க டாக்டர், சிரிக்காரு'ம்பாங்க. ஃபேன் காத்துல உதடு ஆடியிருக்கும். அங்க ஒரு தொப்பிய விட்டுட்டு வந்தா, சாத்தூர்க்காரன் இன்னொரு வருஷம் உள்ளுக்குள்ள கத்திக்கிட்டுக் கெடப்பான்."

"இரைச்சல்னா பாதி தப்பா வரணும்ல சார்?" என்றாள் நிலோஃபர். "பாத்துருவோம். வரியைத் தொடல. நாவு சாகட்டும். செத்ததும் டம்ப்பை நான் திறந்து படிக்கிறேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். "சரி."

ஏற்பாடு எளிமையானது. சீனியம்மாள் அடுப்படியில் டாக்டர் காதில் மட்டும் கேள்வியையும் சரியான பதிலையும் சொல்வாள். பிறகு நடந்து வந்து கட்டிலருகே கேட்பாள். நாவு மூடிக்கொள்ளும். கேள்வி என்னவென்று தெரியாத நிலோஃபர் டம்ப்பில் இருக்கும் விரலைச் சொல்வாள்.

முதல் நடை. நாவு செத்தது. "ஒரு விரல்," என்றாள் நிலோஃபர். டாக்டர் தலையசைத்தார். இரண்டாவது நடை. "கை மூடியிருக்கு." டாக்டர் தலையசைத்தார். மூன்றாவது நடைக்கு டாக்டர் தந்திரம் செய்தார். தானே யோசித்து ஒரு கேள்வியைச் சொல்லி, அதைக் கேட்கும்படி அனுப்பினார். சீனியம்மாள் போய், "இன்னைக்கு சென்னையில மழையா?" என்று ஒப்பித்தாள். நாவு சாகவில்லை. நல்ல பிள்ளையாகக் காத்திருந்து, கேள்வி முடிந்தபிறகு *இல்லை* என்றது.

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். "நான் குடுத்த கேள்வின்னா பின்னாடி வருது. அவங்களாக் கேட்டா முன்னாடி வருது."

"இன்னொண்ணு கேக்கறேன் டாக்டரய்யா," என்று சீனியம்மாள் அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டு நடந்தாள். இந்த முறை நடை கொஞ்சம் மெதுவாக இருந்தது. கட்டிலருகே நின்றாள். "ஏங்க, நமக்கு எத்தனை புள்ளைங்க?"

நாவு மூடிக்கொண்டது. நிலோஃபர் டம்ப்பைத் திறந்தாள். திரும்பிப் பார்த்தாள். "மூணு விரல் சார். கேள்விக்கு நாலு விநாடி முன்னாடி."

"தப்பு," என்றான் ஜெயச்சந்திரன். முகம் விழுந்துவிட்டது. "நானும் தங்கச்சியும்தான். ரெண்டு."

டாக்டர் நிலோஃபரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் காதில் சொல்லப்பட்டதும் மூன்றுதான்.

"உனக்கு மூத்தவன் ஒருத்தன்," என்றாள் சீனியம்மாள், மகனைப் பார்க்காமல். "பத்து நாளு இருந்தான். அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் அதைப் பேசுனதில்லை. இன்னைக்குத்தான் கேக்கறேன். நான் அதைக் கேப்பேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாரு."

கோமதிநாயகம் கட்டிலருகே போய், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பதினைந்து வருஷம் நரம்பியல் படித்துப் பார்த்த மனிதர். காதில் விழுந்து, மூளைக்குப் போய், பொருள் புரிந்து, விரலுக்கு ஆணை போக எவ்வளவு நேரமாகும் என்று விநாடிக் கணக்கில் சொல்லக்கூடியவர். அந்தக் கணக்கில் இந்த வீட்டுக்கு இடமில்லை.

"எப்படிம்மா?" என்றார்.

"முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீடு டாக்டரய்யா. எங்களுக்கு வேற என்ன சோலி?"

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தொப்பி இங்கயே இருக்கட்டும். சாத்தூர்ப் பையனுக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல."

நிலோஃபர் நாவைத் திறந்து வைத்திருந்தாள். யாரும் கேள்வி கேட்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டாக்டர் பேசியதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு திரை எழுதியது: *மூன்று.*

"என்னது மூணு?" என்றார் டாக்டர்.

சீனியம்மாளுக்கு உடனே சிரிப்பு வந்தது. "விலை பேசுறாரு. வாரத்துல மூணு நாளு அந்தப் பையனுக்குக் குடுங்கறாரு. துணித் தொப்பிதானே, பஸ்ஸுல வெச்சாப் போகாதா?"

டாக்டர் நம்பாமல் குனிந்தார். "அண்ணாச்சி, நீங்க சொல்றது சாத்தூருக்கு மூணு நாளா?"

*ஆமா.*

"அங்க சின்னப் பையன். நாலா வெச்சுக்குவோமே?"

*இல்லை.*

"சரி. உங்களுக்கு நாலு, அவனுக்கு மூணு. அப்படித்தானே?"

*இல்லை.*

டாக்டர் நிமிர்ந்தார். மண்டி பேரம் அவருக்குப் பழக்கமில்லை. ஜெயச்சந்திரன்தான் எடுத்துக் கொடுத்தான். "அப்பா, உங்களுக்கும் மூணு, அவருக்கும் மூணு. ஞாயித்துக்கிழமை கொண்டுபோய்க் கொண்டுவர. சரியா?"

*ஆமா.*

முந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு தொப்பியை இரண்டு வீடு பகிரலாம் என்று அறக்கட்டளைக்குத் தோன்றியதில்லை. டாக்டர், பொறியாளர், விதி எழுதிய வக்கீல் ஒருவருக்கும் தோன்றவில்லை. சரக்கு குறைவாகவும் கிராக்கி அதிகமாகவும் இருக்கும்போது என்ன செய்வது என்று அவர்கள் யாரும் ஒரு வியாபாரியைக் கேட்டதில்லை.

புறப்படுமுன் டாக்டர் சம்மதத்தோடு நிலோஃபர் அந்த வரியை மாற்றினாள். அழிக்கவில்லை. பதில் முன்னால் வந்தால் நிறுத்தாதே. முன்னால் வந்தது என்று பக்கத்தில் குறித்துவிட்டுக் காட்டு. அதன்பிறகு சீனியம்மாள் வாசற்படியில் கால் வைத்தாலே திரையில் ஏதாவது பச்சையாக எழுந்தது. "என்னைக் கேக்கவே விடமாட்டேங்கறாரு," என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை.

நிலோஃபர் நாவை எழுதியவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினாள். உலகத்தின் ஏதோ மூலையிலிருந்து மரியாதையான பதில் வந்தது: 'எங்கள் கணினியில் இந்தக் கோளாறு வரவில்லை.' வராது. வருவதற்கு அவர்கள் வீட்டில் ஒரு சீனியம்மாள் வேண்டும். இன்னும் சான்று இருந்தால் அனுப்புங்கள் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் அவள் கடைசிப் பொறியாளர் வந்துபோனது முதல் விழுந்து கிடந்த பழைய டம்ப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ராகு காலத்து ஒன்றேகால் மணி நேரத்தைக் கழித்து, எஞ்சியதைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொப்பியைச் சாத்தூருக்கு எடுத்துப்போக வந்தபோது, சீனியம்மாளைத் தனியாக அடுப்படியில் பிடித்தாள்.

"அம்மா, மெஷின் மூடிக்கிட்டதுல ஒரு தடவை மட்டும் புரியலை. அதுல பதில் இருக்கு. கேள்வியே இல்லை. யாரும் பேசலை. பதிலைக் கையில வெச்சுக்கிட்டு நாவு பாட்டுக்குக் கேள்விக்குக் காத்திருந்து, வராமப் போகவும் மூடிக்கிருச்சு. போன மாசம், அமாவாசைக்கு மறுநாள், சாயங்காலம்."

சீனியம்மாள் பாலை இறக்கி வைத்தாள்.

"அன்னைக்கு அவரு விஷயமா ஆஸ்பத்திரியில பேசிட்டு வந்தவ, செருப்பைக்கூடக் கழட்டாம உள்ள போயிட்டேன். மூக்குல இருக்கற குழாயை எடுத்திரட்டுமா, இது போதுமான்னு கேக்கப் போனேன். கிட்டப் போய் நின்னேன். வாய் வரலை. திரும்பி வந்துட்டேன். புள்ளைங்ககிட்டக்கூடச் சொல்லலை." அடுப்பை அணைத்தாள். "என்ன சொல்லியிருக்காரு?"

"கை முழுசா மூடியிருக்கும்மா. இல்லைன்னு. நான் பாத்ததுலயே பலமான பதில் அதுதான்."

சீனியம்மாள் முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்தாள். பிறகு காப்பியை இரண்டு டம்ளரில் ஆற்றி, ஒன்றை நிலோஃபரிடம் கொடுத்தாள். உள்ளே போகவில்லை. எதுவும் கேட்கவில்லை.

சாத்தூர் பஸ்ஸில், தொப்பிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிலோஃபர் அறிக்கையைக் கூட்டினாள். நாவு மூடிக்கொண்டது மொத்தம் நாற்பத்தொன்று. கடிகாரத்தின் பேரில் முப்பத்து மூன்று. சீனியம்மாள் பேரில் ஏழு. மீதி ஒன்றை எந்தப் பேரில் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: பதில் வரவு ஒன்று. கேள்வி பாக்கி.